மே முதல் தேதி, காலை ஆறு மணி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைகளை ஒட்டி ஜாக்சன் என்றொரு சிற்றூர். ஏப்ரல் முடியும்போது அந்த ஊர்க் கண்காட்சித் திடலில் பிக்-அப் வண்டிகள் வந்து வரிசை கட்டும். பாதி வண்டிகளுக்குப் பின்னால் குதிரை ஏற்றிய டிரெய்லர். இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே தூங்குகிறவர்கள் உண்டு. இடம் பிடிக்க முன்கூட்டியே வந்து கூடாரம் போடுகிறவர்களும் உண்டு. மே முதல் தேதி விடிந்ததும் போலீஸ் வண்டி முன்னால் போக, அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைக் கடந்து மலைக்காட்டின் எல்லைக்குப் போய்ச் சேரும். ஆறு மணிக்கு வழி திறக்கும். அப்புறம் குதிரைகள் சரிவேறுவதையும், குதிரையில்லாதவர்கள் மூச்சிரைக்க ஓடுவதையும் பார்க்கலாம். துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. அவர்கள் தேடிப் போவது எல்க் மான்கள் உதிர்த்துவிட்டுப் போன கொம்புகளை.

கேட்ட மாத்திரத்தில் மனசுக்கு இதமாக இருக்கும் தொழில். ஓர் உயிர் போகவில்லை. மரம் வெட்டவில்லை, மண் தோண்டவில்லை. மான் தனக்கு வேண்டாமென்று விட்டதை மனிதன் எடுத்துக்கொள்கிறான். சைவ உணவுக்காரர்கூட முகம் சுளிக்காமல் கேட்கக்கூடிய வேட்டை இது ஒன்றுதான். இத்தனை சாதுவான காரியத்துக்கு முன்னால் ஏன் ஒரு போலீஸ் வண்டி போகவேண்டியிருக்கிறது?

முதலில் கொம்பைப் பற்றி. மாட்டின் கொம்பு அதன் ஆயுள் முழுக்கக் கூடவே இருப்பது. உள்ளே எலும்பு, வெளியே நகத்தின் பொருளால் ஆன கூடு. மானின் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு; ஆண்டுக்கு ஒருமுறை முளைத்து, ஆண்டுக்கு ஒருமுறை விழுவது. துருவப் பக்கத்து ரெயின்டீர் இனத்தில் மட்டும் பெண்ணுக்கும் கொம்புண்டு. மற்றபடி இது ஆணின் சுமை. எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய, வட அமெரிக்க மான். அதன் கொம்பு வசந்தத்தில் முளைவிட்டு ஆகஸ்டுக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடும். உச்ச வேகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் வேறு எலும்பு கிடையாது. தின்னும் புல்லிலும் தழையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து இதற்குப் போதாது. ஆகவே மான் தன் விலா எலும்புகளிலிருந்தே சத்தை எடுத்துத் தலைக்கு அனுப்புகிறது. கொம்பு முற்றிய பிறகு விலா மெல்லத் தேறிக்கொள்கிறது. வளரும் காலம் முழுக்க ரத்தம் ஓடும் மென்மயிர்த் தோல் ஒன்று கொம்பைப் போர்த்தியிருக்கும். கோடை முடிவில் அது காய்ந்து உரியும். மான் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதைக் களையும். செப்டம்பரில் இணைசேரும் பருவம். இத்தனை செலவும் அந்தச் சில வாரங்களுக்காகத்தான். பெரிய ஆண் எல்க்கின் இரு கொம்பும் சேர்ந்து பதினெட்டு கிலோ வரை எடை வருவதுண்டு.

பருவம் முடிந்து குளிர்காலமும் கழிகிற நேரத்தில் மானின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் அளவு இறங்கிவிடும். உடனே கொம்பும் மண்டையும் சேர்கிற இடத்தில், எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. இலையுதிர் காலச் சண்டையில் எதிரியின் முழுப் பாரத்தையும் தாங்கிய பிடிப்பு அது. இப்போது ஒரு வேலியைத் தாண்டிக் குதித்த குலுக்கலிலோ கிளையில் உரசியபோதோ விட்டுவிடும். இரண்டு கொம்பும் ஒரே சமயத்தில் விழ வேண்டுமென்பதில்லை; ஒன்று இன்றும் மற்றது இரண்டொரு நாள் கழித்தும் விழலாம். அந்த இடைவெளியில் மான் ஒருபக்கம் பாரத்தோடு தலையைச் சாய்த்து நடக்கும். தலையில் ஏற்பட்ட புண் ஆறுவதற்குள்ளாகவே அடுத்த ஆண்டுக் கொம்பு கீழே அரும்பத் தொடங்கிவிடும். எல்க்குக்கு இது மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. வயதில் மூத்த ஆண்கள் முதலிலும் இளசுகள் பின்னாலும் உதிர்க்கும்.

புதிதாக விழுந்த கொம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் அதன் கதை விளங்கும். சுற்றிலும் முத்து முத்தாகப் புடைத்த ஒரு விளிம்பு. நடுவே, மண்டையிலிருந்து விடுபட்ட முகம், காய்ந்த ரொட்டியின் உட்பக்கம் மாதிரி நுண்துளைகளோடு லேசாகக் குவிந்திருக்கும்; ஓரத்தில் சில சமயம் உலர்ந்த ரத்தக் கறை. தண்டு கரும்பழுப்பு, முனைகள் மட்டும் தந்த நிறம். அந்தப் பழுப்பு மானின் சொந்த நிறமல்ல, தேய்த்த மரங்களின் பாலும் பட்டைச் சாறும் ஏறியது. ஒரு கோடை வெயிலைக் கண்டால் நிறம் வெளிறும். இன்னும் சில ஆண்டு கிடந்தால் வெளுத்து, வெடித்து, விரலில் மாவாக ஒட்டும். வியாபாரிகள் இந்த வரிசையில்தான் விலை வைக்கிறார்கள்: பழுப்புக்கு முதல் விலை, வெள்ளைக்கு அடுத்தது, சுண்ணாம்பாகிப் போனதற்கு ஏதோ கொடுப்பார்கள். ஒரே மானின் இரண்டு கொம்பும் ஜோடியாகக் கிடைத்தால் மதிப்பு தனி. ஆக, முந்தியவனுக்குத்தான் பழுப்பும் ஜோடியும். அவசரத்துக்கான காரணம் கொம்பின் நிறத்திலேயே இருக்கிறது.

இதைத் தேடுவதில் கலை உண்டு என்பதை மறுக்க முடியாது. பனி முதலில் உருகுவது தெற்குப் பார்த்த சரிவுகளில். மான்கள் பகலில் வெயில் காய்வதும் அங்கேதான். வேலி தாண்டும் இடம், ஓடை குறுக்கிடும் இடம், காற்று மறைவில் படுத்தெழுந்த குழிகள் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கிறவன் ஒரு காட்டின் குளிர்கால வாழ்க்கையையே படித்தவன். அனுபவசாலிகள் முதலில் நடப்பதில்லை. எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, தாழ்ந்த வெயிலில் மின்னும் முனைகளைப் பைனாகுலரில் தேடுவார்கள். லாப்ரடார் நாய்களுக்குக் கொம்பின் வாசனையைப் பழக்கிக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. ஆண்டுதோறும் அதே மானின் கொம்பைக் கண்டெடுத்து, சுவரில் வரிசையாக மாட்டி, இந்த ஆண்டு ஒரு கிளை கூடியிருக்கிறது, இந்த ஆண்டு தடிமன் குறைந்திருக்கிறது என்று ஒரு காட்டு மிருகத்தின் வாழ்க்கை வரலாற்றையே எழுதி வைத்திருக்கும் கிராமத்துக் கிழவர்கள் அந்த மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்டில் வெறுமனே நடப்பதற்குப் பெரியவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சாக்குகளில் இது நல்ல சாக்கு.

ஆனால் கொம்பு விழுகிற அதே காலத்தில் அதன் சொந்தக்காரர் எந்த நிலையில் இருக்கிறார்? எல்க் குளிர்காலத்தைக் கடப்பது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்துத்தான். ஆண், இணைசேரும் பருவத்தில் சரியாகத் தின்னாமல் சண்டையிலேயே அந்தக் கையிருப்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டு, இளைத்துப்போய்க் குளிர்காலத்துக்குள் நுழைகிறது. பெண்ணின் வயிற்றில் ஆறேழு மாதக் கரு. மே கடைசியிலோ ஜூனிலோ ஈனும். மார்ச், ஏப்ரல் என்பது பழைய கொழுப்பு தீர்ந்து, புதுப்புல் இன்னும் தலைகாட்டாத இடைவெளி. வெளியே பார்த்தால் வசந்தம். மானின் உடம்புக்குள் பஞ்சம். இந்த நாள்களில் அது செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒன்றே ஒன்றுதான்: அசையாமல் இருப்பது. நின்ற இடத்தில் நின்று, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கலோரியைக்கூட வீணாக்காமல் புல்லுக்காகக் காத்திருப்பது.

அந்தச் சரிவில்தான் கொம்பு கிடக்கிறது. அங்கே ஒருவர் ஏறி வருகிறார். மந்தை எழுந்து அடுத்த முகட்டுக்கு ஓடுகிறது. தொடை ஆழப் பனியில் ஓட அது செலவழிக்கும் சத்து, அடுத்த மாதம் கருவுக்குப் போகவேண்டியது. வந்தவர் ஒருவராக இருந்தால் பரவாயில்லை. அடுத்த முகட்டில் இன்னொருவர் இருக்கிறார். சனி ஞாயிறுகளில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நாலு சக்கர மோட்டார் வண்டிகளும் வருகின்றன. இதில் யாரும் மானை விரட்டவில்லை. ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், அவ்வளவுதான். மான் அங்கேயே விழுந்து சாவதுமில்லை. மூன்று வாரம் கழித்து எங்கோ ஒரு பள்ளத்தில் எழுந்திருக்க முடியாமல் படுக்கும். அல்லது எடை குறைந்த கன்றை ஈனும். யார் செய்த வேலை என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் பதில் சொல்ல யாருக்கும் மனசாட்சி உறுத்தவேண்டிய அவசியமில்லை. உண்மையில் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

துப்பாக்கிக்காரனிடம் ஒரு நேர்மை உண்டு. தான் கொல்ல வந்தவன் என்பது அவனுக்குத் தெரியும், சட்டத்துக்கும் தெரியும். அவனுக்கு உரிமம், பருவம், எண்ணிக்கை என்று வரம்புகள் நூறு ஆண்டாக இருக்கின்றன. கொம்பு பொறுக்குகிறவர் தன்னை அந்த வகையில் சேர்க்கமாட்டார். கொல்லாமல் எடுப்பவருக்கு வரம்பு எதற்கு? வரம்பில்லாததாலேயே அவர் கூட்டமாக வந்தார். கூட்டமாக வந்ததாலேயே வரம்பு வேண்டியதாயிற்று.

ஜாக்சனில் இந்தக் கதைக்கு இன்னொரு சுற்று உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கு எல்க்குகள் காலங்காலமாகக் குளிருக்கு இறங்கி வந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பண்ணைகள் வந்தன, வேலிகள் வந்தன, ஊர் வந்தது. மான்கள் மேய்ந்த புல், மாட்டுக்கு வைக்கோலாயிற்று. 1909-ஐ ஒட்டி அடுத்தடுத்து வந்த கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான எல்க்குகள் பட்டினியால் செத்தன. ஸ்டீபன் லீக் என்ற பண்ணைக்காரர் அந்தக் காட்சிகளைப் படமெடுத்து நாடெங்கும் கொண்டுபோய்க் காட்டினார். மக்கள் மனம் இளகியது. 1912-இல் அமெரிக்க காங்கிரஸ் பணம் ஒதுக்க, தேசிய எல்க் புகலிடம் உருவானது. இன்று ஏறக்குறைய 25,000 ஏக்கர். ஊரின் விளிம்பிலேயே தொடங்குகிறது. பல ஆயிரம் எல்க்குகள் குளிர்காலத்தை அங்கே கழிக்கின்றன. புல் பனிக்கடியில் போய்விடுகிற வாரங்களில் வண்டியில் தீவனம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். முன்னெல்லாம் வைக்கோல், பிறகு குதிரைமசாலை அரைத்துச் செய்த வில்லைகள். சுற்றுலாப் பயணிகள் குதிரை இழுக்கும் பனிவண்டியில் மந்தைக்கு நடுவே போய்ப் படமெடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை ஆண்கள் ஒரே மைதானத்தில் குளிர்காலத்தைக் கழித்தால் கொம்புகளும் அங்கேதான் விழும். புகலிடத்துக்குள் பொதுமக்கள் கொம்பு எடுக்கக் கூடாது. அந்த அனுமதி உள்ளூர் பாய் ஸ்கவுட் சிறுவர்களுக்கு மட்டும். மான்கள் மலையேறிய பிறகு அவர்கள் வரிசையாக நடந்து பொறுக்கிச் சேர்ப்பார்கள். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் நடுவே உள்ள சதுக்கத்தில் ஏலம். 1960-களின் கடைசியிலிருந்து நடந்துவரும் ஏலம் இது. பவுண்டுக்கு இவ்வளவு என்று விலை கூவப்படும். அண்மை ஆண்டுகளில் நல்ல பழுப்புக் கொம்பு பவுண்டு பதினைந்து, இருபது டாலர் வரை போயிருக்கிறது. ஒரு காலத்தில் வாங்க வந்தவர்களில் கிழக்கு ஆசிய மருந்து வியாபாரிகள் முக்கியமானவர்கள். இப்போது சரவிளக்குச் செய்கிறவர்கள், மேசை நாற்காலி செய்கிறவர்கள், கத்திக்குப் பிடி போடுகிறவர்கள். எல்லாரையும் மிஞ்சி, நாய் கடிப்பதற்கு விற்கிறவர்கள். நகரத்து அடுக்குமாடியில், ஒரு முயலைக்கூட விரட்டியறியாத நாய் ஒன்று, ராக்கி மலைகளில் ஐந்து மாதம் வளர்ந்த எலும்புத் துண்டைச் சோபாவுக்குப் பக்கத்தில் படுத்துக் கடிக்கிறது. பொட்டலத்தின் மேல் ‘இயற்கையாக உதிர்ந்தது’ என்று அச்சிட்டிருக்கும். அது பொய்யல்ல.

ஏலப் பணத்தில் முக்கால் பங்கு புகலிடத்துக்குத் திரும்பிப் போகிறது. மேய்ச்சல் நிலத்தைச் சீராக்கவும் நீர் பாய்ச்சவும் அதைச் செலவிடுகிறார்கள். தீவனம் வாங்கவும் அது உதவியிருக்கிறது. கணக்கைச் சற்று நிதானமாகப் பார்த்தால் இப்படி வரும்: மானின் புல்லை ஊர் எடுத்துக்கொண்டது, அதற்கு ஈடாகத் தீவனம் போடுகிறது, தீவனச் செலவில் ஒரு பகுதியை மான் தன் கொம்பால் கட்டிவிடுகிறது. நில அபகரிப்பு வரலாற்றில் இவ்வளவு ஒழுங்காக வாடகை செலுத்திய குடியானவர் வேறு யாருமில்லை. சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் நிற்கின்றன. முதல் வளைவை 1953-இல் ரோட்டரி சங்கம் எழுப்பியது. ஊருக்கு வருகிற எல்லாரும் அதனடியில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தச் சிறுவர்கள் புகலிடத்தில் நடப்பது மான்கள் போன பிறகுதான். மொத்த விவகாரத்திலும் நடுவில் நிற்கும் அந்த ஒரு நிபந்தனையை அவர்கள் மீறுவதில்லை. சிக்கல் புகலிடத்தின் எல்லைக்கு அப்பால் தொடங்குகிறது. அங்கிருப்பது தேசியக் காடு. சட்டப்படி எல்லா அமெரிக்கருக்கும் பொது. விலை ஏற ஏற, ஜனவரியிலேயே ஆள்கள் அங்கே நுழைந்தார்கள். மான் கொம்பை விடுவதற்கு முன்பே பின்னால் போய்க் காத்திருந்தார்கள். வேறு சில இடங்களில் தீனி வைத்து, அதைச் சுற்றிக் கம்பி வலை கட்டி, தின்னக் குனியும் மானின் கொம்பு சிக்கிக் கழன்று விழட்டும் என்று பொறி வைத்தவர்கள் உண்டு. கழலாத கொம்போடு மான் கம்பியையும் இழுத்துக்கொண்டு ஓடியதும் உண்டு. இயற்கையாக உதிர்வதற்குக் கொஞ்சம் உதவி செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2009-இல் வயோமிங் சட்டமன்றம் தலையிட்டது. மாநிலத்தின் மேற்குப் பகுதிப் பொது நிலங்களில் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை கொம்பு எடுப்பதற்குத் தடை போடும் அதிகாரம் வனவிலங்குத் துறைக்கு வந்தது. கொலராடோ 2018-இல் இதே போன்ற தடையைக் கொண்டுவந்தது. யூட்டா 2023-இன் பயங்கரப் பனியில், பிப்ரவரியில் அவசரத் தடை போட்டு மே முதல் தேதிவரை யாரும் கொம்பு தேடக்கூடாது என்றது. அதே யூட்டாவில் கொம்பு பொறுக்குவதன் ஒழுக்க நெறிகளை இணையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பாடம் இலவசம். சாரம் ஒரு வரிதான்: மான் நிற்கிற இடத்துக்குப் போகாதே. அதற்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டிய நிலைமை வந்தது.

தடை பலித்தது. நான்கு மாதம் சரிவுகளில் அமைதி. ஆனால் ஒரு தேதியைக் குறித்தால் அந்தத் தேதிக்கு ஒரு வாசல் முளைக்கும். வாசல் இருந்தால் வரிசை முளைக்கும். முன்பு நான்கு மாதம் சிதறி நடந்தவர்கள் எல்லாரும் இப்போது ஒரே காலையில் கூடினார்கள். நள்ளிரவுப் பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிட்ட காலத்தில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனி உருகிப் பெருகிய ஆற்றைக் குதிரையோடு இருட்டில் கடந்தார்கள். பிறகு யோசித்து, பகல் வெளிச்சத்துக்கு மாற்றினார்கள். இப்போது காலை ஆறு. அப்படியும், தடைக்காலத்திலேயே திருட்டுத்தனமாகப் போய்ப் பொறுக்கி, புதருக்கடியில் குவித்து மறைத்துவிட்டு, மே முதல் தேதி சாவகாசமாகப் போய் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் நேர்மையாக நின்றவர் மூச்சிரைக்க ஏறிப்போய்ப் பார்க்கும்போது சரிவு துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

அடுத்து வந்தது உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் வழக்கு. நம்ம ஊர்க் கொம்பை யூட்டாக்காரனும் ஐடஹோக்காரனும் வந்து அள்ளிக்கொண்டு போகிறான் என்பது ஜாக்சன் பக்கத்து ஆதங்கம். 2023-இல் அதற்கும் சட்டம் வந்தது. மே முதல் வாரம் வயோமிங்வாசிகளுக்கு. மற்ற மாநிலத்தார் எட்டாம் தேதிதான் தொடங்கலாம், அதற்கு முன் ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு வில்லையும் வாங்கியிருக்க வேண்டும். பசித்த மானைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று தொடங்கிய சட்டம், தொந்தரவு முடிந்த பிறகு முதலில் அள்ளும் உரிமை யாருக்கு என்பதில் வந்து நின்றது. சட்டத்துக்கு இது புதிதல்ல. நிலத்தடி நீர், கடல் மீன், ஆற்று மணல் எதுவானாலும் பாதுகாப்பில் தொடங்கிப் பங்கீட்டில் முடிவதுதான் அதன் வழக்கமான பாதை.

மான் விட்டது யாருக்கும் சொந்தமில்லாதது என்ற நினைப்புக்கும் ஒரு பதில் தரையிலேயே இருக்கிறது. காட்டில் ஓராண்டு கிடந்த கொம்பை எடுத்துப் பார்த்தால், கிளைகளின் ஓரத்தில் ஜோடி ஜோடியாக நுண்ணிய பள்ளங்கள் தெரியும். எலிகளும் அணில்களும் முன்பற்களால் சுரண்டிய தடம். முள்ளம்பன்றியும் கடிக்கும்; சில சமயம் மானே வந்து கடிக்கும். சுண்ணாம்பும் பாஸ்பரசும் எளிதில் கிடைக்காத மலைகளில் கொம்பு என்பது மருந்துக்கடை. எல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்களில் கொம்பைத் தொடக்கூடாது என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பொறுக்கி அகப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் அபராதம் கட்டியிருக்கிறார்கள். பூங்காவுக்கு வெளியே பொறுக்கினால் வருமானம், உள்ளே பொறுக்கினால் வழக்கு. மானுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது, எலிக்கும் தெரியாது.

நம் நாடு இந்தக் கேள்விக்கு வேறு விதமாக விடை சொன்னது. இந்தியக் கடமானின் கொம்பு உள்ளே இறுகி, கனமாக இருக்கும். கத்திப் பிடிக்கு அதைவிடச் சிறந்ததில்லை என்று ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திக்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். நம் காடுகளில் பொறுக்கிய கொம்பு கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் அது சுவரில் சட்டை மாட்டும் கொக்கியாக இருந்தது. சித்த மருத்துவர் கையில் சிருங்கி பற்பமாக இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கின் கொம்பையும் அரசின் சொத்துக் கணக்கில் சேர்த்தது. உதிர்ந்த கொம்பின் வியாபாரம் அதன் பிறகும் கொஞ்ச காலம் ஓடி, 1990-களின் கடைசியில் ஏற்றுமதிக் கதவும் அடைபட்டது. காரணம் எளிது. தானாக விழுந்த கொம்பின் அடியில் அந்த முத்து விளிம்பும் குவிந்த முகமும் இருக்கும்; கொன்று எடுத்ததில் மண்டைத் துண்டு ஒட்டியிருக்கும். ஆனால் இரண்டையும் அடியில் ஒரு விரற்கடை அறுத்து, பிடிக்குத் தோதாகத் துண்டு போட்டுவிட்டால் எது எது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. உதிர்ந்தது என்ற ஒற்றைச் சொல்லின் நிழலில் சுடப்பட்ட மான்களும் கப்பலேறலாம்.

ஆகவே இங்கே தேதியில்லை, வரிசையில்லை, உள்ளூருக்கு ஒரு வாரச் சலுகையுமில்லை, எடுக்கவே கூடாது. முதுமலையில் புள்ளிமான் விட்ட கொம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கவேண்டியது. 2006-இன் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தேன், மெழுகு, அரக்கு எல்லாம் எடுக்க உரிமை கொடுத்தது. கொம்பு அந்தப் பட்டியலில் இல்லை. மானோடு ஒரே காட்டில் பிறந்து வளர்ந்தவர் வீட்டுக் கூரையில் செருகியிருக்கும் பழைய கொம்பு அவருக்கு வழக்காக முடியலாம். நகரத்துப் பங்களாவில் தாத்தா காலத்து மான்தலை, உரிமைச் சான்றிதழோடு வரவேற்பறையில் இருக்கலாம். மானுக்கு நல்லது எது என்று கேட்டால் நம் தடையைத்தான் சொல்வேன். அந்தத் தடையின் எடை யார் தோளில் அதிகம் விழுகிறது என்று கேட்டால் அவ்வளவு தெம்பாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஜாக்சனுக்கு இப்போது வேறொரு கவலை. மான்களின் மூளையைத் தின்று, எலும்பும் தோலுமாக இளைக்கவைத்துக் கொல்லும் ஒரு தொற்றுநோய் வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பரவி வருகிறது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கண்டார்கள். கிருமியல்ல, உருமாறிய புரதம். மருந்தில்லை. எச்சில், சிறுநீர் வழியாக மண்ணில் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். 2020 டிசம்பரில் கிராண்ட் டீட்டன் பூங்காவில் சுடப்பட்ட ஓர் எல்க்கிடம் அது இருப்பது உறுதியானது. ஆயிரக்கணக்கான மான்களைத் தோளோடு தோள் உரச ஒரே மைதானத்தில் நிறுத்தித் தீனி போடுவது இந்த நோய்க்குப் பந்தி விரிப்பது போலத்தான் என்று விஞ்ஞானிகள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். வழக்குகளும் நடந்தன. 2019-இல் புகலிட நிர்வாகம் தீவனத்தைப் படிப்படியாகக் குறைக்க ஒரு திட்டம் வகுத்தது. குறைப்பது லேசல்ல. நிறுத்தினால் கடுங்குளிர் ஆண்டில் பட்டினிச் சாவு; மீதி மான்கள் பண்ணைகளின் வைக்கோல் போரைத் தேடிப் போகும். நிறுத்தாவிட்டால் நோய். நூறாண்டுக்கு முன் இரக்கத்தில் தொடங்கிய காரியத்திலிருந்து இரக்கத்தோடு வெளியேற வழி தெரியவில்லை.

கொம்பு தேடுகிறவர்களுக்கு இதில் அறிந்துகொள்ள ஒன்று உண்டு. உதிர்ந்த கொம்பு என்றால் அந்த மான் மார்ச் வரையாவது உயிரோடு இருந்தது என்று பொருள். குளிர்காலத்தின் நடுவே சாகிற ஆண் கொம்பை உதிர்ப்பதில்லை. கொம்பு மண்டையோடு சேர்ந்தே கிடக்கும். அப்படிக் கிடப்பதை வயோமிங்கில் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிட்டு, வேட்டையாடியது அல்ல என்று அவர் பார்த்து, சீட்டு மாட்டிக் கொடுக்க வேண்டும். பழுப்பு, வெள்ளை, சுண்ணாம்பு என்று வியாபாரிகளிடம் ரகம் பிரித்திருப்பதுபோல அதற்கும் சந்தையில் தனி விலை இருக்கிறது.